படிக்கட்டு கட்டியவருக்கும் ஒரு பாடம்!

நியூயார்க் நகரில் பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது. இரவு, பகல் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர், பல நிலையங்களில் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இறங்குவதற்குப் படிக்கட்டு உண்டு, லிப்ட் கிடையாது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்குச் சம உரிமை தரும் சட்டம், அமெரிக்காவில் 1990-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன் பிறகு 32 ஆண்டுகள் ஓடின. 2022-லும் 472 நிலையங்களில் ஏறக்குறைய கால் பங்கில்தான் அவர்களுக்கு வசதி இருந்தது. வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 100-க்கு 95 நிலையங்களில் வசதி செய்து தர ரயில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. எப்போது? 2055-ம் ஆண்டுக்குள்! அந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 33 ஆகியிருக்கும். (லிப்ட் வந்தால் முதியவருக்கும், கைக்குழந்தையை வண்டியில் தள்ளி வரும் தாய்க்கும் கூட லாபம்தான்.)

யாருடைய குறை?

இதே ஊரில், நியூயார்க் நகரப் பல்கலைக் கழகம் 2009-ல் ஓர் எம்.ஏ. படிப்பைத் தொடங்கியது. மாற்றுத் திறனாளிகளின் வாழ்க்கையையும் உரிமையையும் பற்றிய படிப்பு அது. வைத்தியப் படிப்பு அல்ல. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஆசிரியர், நர்சு, சமூக ஊழியர் ஆகியோர் படிக்கிறார்கள். மாற்றுத் திறனாளிகளும் படிக்கிறார்கள்.

கால் நடக்கவில்லை என்றால் அது உடம்பின் குறை. நிலையத்துக்குள் நுழைய முடியவில்லை என்றால்? அது படிக்கட்டை மட்டும் கட்டியவரின் குறை! பாடத்தின் சாரம் இதுதான்.

இந்தக் கருத்தை 1976-ல் இங்கிலாந்தில் எழுதி வைத்தவர்கள் மாற்றுத் திறனாளிகளே. அவர்களில் ஒருவர் விக் பிங்கெல்ஸ்டீன். தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். விளையாட்டில் கழுத்து முறிந்து, சக்கர நாற்காலிக்கு வந்தவர். அந்த நிலையிலும் நிறவெறி அரசை எதிர்த்துச் சிறை சென்றார்! பிறகு இங்கிலாந்துக்கு வந்து, திறந்தவெளிப் பல்கலைக் கழகத்தில், வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தினார்.

வராதவர்கள்

படிப்பு நல்லதுதான். ஆனால் படிக்க வருகிறவர் யார்? பெரும்பாலும், ஏற்கனவே அக்கறை உள்ளவர். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நிலை இருக்கும். அல்லது தமக்கே இருக்கும். வர வேண்டியவர் வேறு ஆள். நிலையத்துக்குப் பிளான் போடும் எஞ்சினீயரையும், பணம் ஒதுக்கும் அதிகாரியையும் இந்தப் பட்டம் வாங்கி வா என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 2055 வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் பிளான் போடப் போவதும், பணம் ஒதுக்கப் போவதும் அவர்கள்தான்.