காணாமல் போகாத ஃபைல்களும் வீண் பழியும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை விட்டு ஒரு ரோல் துணி வெளியே போக வேண்டுமென்றால் சலான் வேண்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று எத்தனை ஜாப் ஒர்க் யூனிட் ஏறி இறங்கினாலும், எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது என்று எழுதி வைப்பார்கள். அதே கம்பெனியின் ஆபீஸில், பையர் அனுப்பிய டெக் பேக்கும் சைஸ் சார்ட்டும் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர்ல இருக்கு" என்பார்கள். சரி, எந்தக் கம்ப்யூட்டரில்?

இந்தக் கேள்விக்காக வந்ததுதான் ஃபோல்டர் ரீடைரக்‌ஷன். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. மெர்ச்சண்டைசரின் திரையில் 'டாக்குமென்ட்ஸ்' என்று தெரிவது வாசல் மட்டுமே. சரக்கு இருப்பது சர்வர் என்ற குடோனில். சர்வரில் குரூப் பாலிசியில் ஒரு முறை அமைத்துவிட்டால் போதும், அவர் எந்த மேசையில் லாகின் செய்தாலும் தன் ஃபைலைத் திறக்கலாம்.

சிக்கல் வரும் நாள் வேறு மாதிரி. காலையில் வந்து திறந்தால் ஃபோல்டர் காலி! ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது, கட்டிங் மாஸ்டர் சைஸ் சார்ட் கேட்டு நிற்கிறார். உடனே வரும் முதல் வார்த்தை: "நீதான் எதையோ டெலீட் பண்ணிட்ட!" அந்தப் பழி அந்த மேசையிலேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஃபைல் எங்கும் போயிருக்காது. வாசல் வேறு பக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பயனரின் லாகினிலேயே 'ஜிபிரிசல்ட்' ஓட்டினால் பாலிசி வந்து சேர்ந்ததா என்று தெரியும். சேரவில்லை என்றால், டிஎன்எஸ் முகவரி சொந்த சர்வரைக் காட்டாமல் வெளியே எங்கோ காட்டிக்கொண்டிருக்கலாம். விலை குறைவு என்று ஹோம் எடிஷன் போட்ட கம்ப்யூட்டர் டொமைனில் சேரவே சேராது. எல்லாம் சரியாக இருந்தாலும் மாற்றம் சில சமயம் இரண்டாவது லாகினில்தான் நடக்கும்.

பாலிசி வந்தும் ஃபோல்டர் திரும்பவில்லையா? ஈவன்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 502 என்ற எண்ணைத் தேட வேண்டும். காரணம் அங்கேயே எழுதியிருக்கும். பல சமயம் அது உரிமைப் பிரச்சினை. ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டும் வேண்டும். 'பயனருக்கு மட்டும் உரிமை' என்ற டிக் இருக்கும்போது, அட்மின் அந்த ஃபோல்டரின் ஓனர்ஷிப்பைத் தன் பெயருக்கு மாற்றினால் ரீடைரக்‌ஷன் நின்றுவிடும்.

2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 அப்டேட் இன்னொரு பாடம். அதற்குப் பிறகு, பயனருக்கான பாலிசியையும் கம்ப்யூட்டரின் அடையாளத்தை வைத்தே விண்டோஸ் படிக்கிறது. செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் மெர்ச்சண்டைசிங் குழுவை மட்டும் வைத்திருந்த இடங்களில் பாலிசி சத்தமில்லாமல் நின்றது. 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு ரீட் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். இதில் மேசையில் உட்கார்ந்திருப்பவர் செய்த குற்றம் என்ன?

"இப்போ எல்லாம் கிளவுட் வந்தாச்சே" என்பார்கள் சிலர். ஒன்டிரைவும் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் இடம் மாற்றத்தான் செய்கிறது. எது எங்கே என்று தெரியாவிட்டால் அங்கேயும் இதே கதைதான். இன்னொன்று: ரீடைரக்‌ஷன் பேக்கப் ஆகாது. 2017 மே மாதம் வானாக்ரை பரவியபோது உலகம் முழுக்கப் பலர் இதைக் கண்ணீரோடு கற்றுக்கொண்டார்கள்.

குறை தொழில்நுட்பத்தில் இல்லை. சர்வரை அமைத்த சர்வீஸ்காரர் போய்விடுகிறார். என்ன அமைத்தார், எந்த ஷேர், யாருக்கு அனுமதி என்று ஒரு தாளில்கூட இருப்பதில்லை. துணிக்கு வாங்கும் சலானைப் போல இதற்கும் ஒரு பக்கம் எழுதி வாங்க முதலாளிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு பக்கம் இருந்தால், அடுத்த முறை ஃபோல்டர் காலியாகத் தெரியும்போது ஒரு மெர்ச்சண்டைசர் அழ வேண்டியிருக்காது.