ஊறுகாய் பாட்டிலும் ஒரு கையெழுத்தும்

நம் சங்கத்தில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத குடும்பத்தை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாராவி, செம்பூர் என்று சொல்வது போலவே மெல்போர்ன், ஆக்லாந்து, நியூஜெர்ஸி, துபாய் என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோம். மகளுக்குப் பிரசவம், பேரனுக்கு முதல் பிறந்த நாள் என்று வயதானவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே மொட்டை மாடியில் வடகம் காயத் தொடங்கிவிடும். பருப்புப் பொடி, ரசப் பொடி, நார்த்தங்காய், மோர் மிளகாய், பிரசவ லேகியம் என்று பெட்டி நிரம்பும். குர்லாவில் எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்கும் விமானங்களைப் பார்க்கும்போதெல்லாம், திரும்பிப் போகும் விமானத்தில் எத்தனை கிலோ ஊறுகாய் ஏறுமோ என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. தாய் கையால் இடித்த பொடிக்கு ஈடு எந்த நாட்டுக் கடையிலும் கிடையாது. நான் எழுத வந்தது பெட்டியைப் பற்றி அல்ல. பெட்டியோடு சேர்ந்து போகும் அந்தச் சிறிய அட்டையைப் பற்றி. உணவுப் பொருள் வைத்திருக்கிறீர்களா என்று அது கேட்கிறது. நம்மவர்களில் பலர் ‘இல்லை’ என்று குறியிட்டுவிட்டு, மனம் படபடக்க வெளியே வருகிறார்கள். இந்தப் பழக்கத்தை நாம் அடியோடு விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘இல்லை’ போடச் சொல்லும் யோசனை பெரும்பாலும் வயதானவர்களுடையது அல்ல. “அப்பா, ‘நோ’ன்னு டிக் அடிச்சிட்டு நேரா வெளியே வாங்க, யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க” என்று பிள்ளைகள்தான் போனில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் சொசைட்டியில் ஓர் அம்மாள் நியூசிலாந்துக்குப் போனார்கள். மகன் இங்கிருந்தே அவருக்காக எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று நிரப்பி அனுப்பினார். அங்கே பெட்டியைத் திறந்தார்கள். அபராதம் 400 நியூசிலாந்து டாலர்; நம் பணத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய். பணத்தை மகன் கட்டிவிட்டார். ஆனால் அறுபத்தெட்டு வயது வரை யாரிடமும் ஒரு பைசா கடன் சொல்லாத அந்த அம்மாள், பொய் சொன்னவர் என்று நாலு பேர் முன்னால் நிற்க நேர்ந்தது. அதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. மறுபடி மகன் வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை.

நான் ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். வண்டி புறப்படும் முன் பிரேக்கைச் சோதித்து ஒரு சான்றிதழ் எழுதி, டிரைவரும் கார்டும் நாங்களும் கையெழுத்துப் போடுவோம். அந்தத் தாளை நம்பித்தான் ஆயிரம் பேர் உறங்கிக்கொண்டு போகிறார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சுங்க அட்டையில் போடுவதும் அதே மாதிரிக் கையெழுத்துத்தான். அதை மகன் நிரப்பினாலும் மருமகள் நிரப்பினாலும், பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்கே.

‘ஆம்’ என்று எழுதினால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் நம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. ஆஸ்திரேலியாவின் வருகை அட்டையில், சந்தேகம் இருந்தால் ‘ஆம்’ என்று குறியிடும்படி அச்சிட்டே இருக்கிறார்கள். தானியம், விதை, பால் பொருட்கள் மட்டுமல்ல, பாரம்பரிய மருந்துகளையும் மூலிகைகளையும் கூட அது கேட்கிறது. ஆகவே லேகியமும் அதில் அடங்கும். ‘ஆம்’ என்று எழுதியவரின் பெட்டியைப் பார்ப்பார்கள். ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், மற்றதைத் திருப்பித் தருவார்கள். உள்ளதைச் சொன்னவருக்கு அபராதம் கிடையாது. நஷ்டம் அதிகம் போனால் ஒரு டப்பா. ‘இல்லை’ என்று எழுதி அகப்பட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். விசாவே ரத்தாகவும் கூடும். 2019 அக்டோபரில் சிட்னியில் இறங்கிய வியட்நாம் நாட்டுப் பெண் ஒருவர், பன்றி இறைச்சி உள்ளிட்ட உணவுகளை மறைத்ததற்காக விசா ரத்தாகித் திருப்பி அனுப்பப்பட்டார்.

2023-ல் நானும் என் மனைவியும் மகளைப் பார்க்க மெல்போர்ன் போனோம். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று எழுதி, பெட்டியில் உள்ளதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் பட்டியல் போட்டுக் கையில் வைத்திருந்தேன். அதிகாரி தாளைப் படித்தார், டப்பாக்களைத் திறந்து பார்த்தார். மோர் மிளகாயை எடுத்துக்கொண்டார். நார்த்தங்காயையும் லேகியத்தையும் திருப்பிக் கொடுத்தார். மொத்தம் இருபது நிமிஷம். மோர் மிளகாய் போனதில் என் மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் தலை நிமிர்ந்து வெளியே வந்தோம்.

“நம் சாப்பாடு என்றாலே அவர்களுக்கு இளப்பம், அதனால்தான் இந்தக் கெடுபிடி” என்று சிலர் சொல்கிறார்கள். பெருங்காய வாசனைக்கு மூக்கைச் சுளிக்கும் அதிகாரிகள் எங்கோ இருக்கலாம். ஆனால் சட்டம் நம் சாப்பாட்டைக் குறிவைத்து வந்தது அல்ல. 2022 ஜூலையில் பாலித் தீவிலிருந்து டார்வின் போய் இறங்கிய ஒரு பயணியின் பையில் மோப்ப நாய் எதைக் கண்டுபிடித்தது தெரியுமா? மக்டொனால்ட்ஸ் கடையின் மக்மஃபின் இரண்டும், பன்றி இறைச்சி வைத்த க்ராசான் ஒன்றும். அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர். அந்த ஆண்டு இந்தோனேசியாவில் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியிருந்ததுதான் காரணம்.

கோமாரியின் விலை என்ன என்பதை 2001-ல் பிரிட்டன் கண்டது. ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத எச்சில் உணவைத் தீவனமாகப் போட்டதிலிருந்து நோய் கிளம்பியதாக விசாரணையில் முடிவு செய்தார்கள். அதை அடக்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. நம் நாட்டில் கோமாரி இன்னும் ஒழியவில்லை. நம் பால்கோவாவையும் பேடாவையும் அங்கே அனுமதிக்காததற்கு இதுதான் காரணம்.

பருப்புக்கும் மிளகாய்க்கும் காரணம் வேறு. கப்ரா வண்டு என்று ஒன்று உண்டு; நம் நாட்டுத் தானியக் கிடங்குகளில் பழகியதுதான். அதன் புழு, இரை இல்லாமலே வருஷக்கணக்கில் இடுக்குகளில் உயிரோடு கிடக்கும். 1953-ல் கலிபோர்னியாவில் அது தென்பட்டபோது, கிடங்குகளை முழுசாகத் தார்ப்பாயால் மூடி விஷப்புகை போட்டார்கள். ஒழிக்க 1966 வரை ஆயிற்று. அந்த வண்டுக்குப் பயந்துதான் ஆஸ்திரேலியா, அரிசி, துவரம்பருப்பு, தனியா, சீரகம், மிளகாய் வற்றல் போன்றவற்றைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரத் தடை போட்டிருக்கிறது. அமெரிக்கா பச்சைக் கறிவேப்பிலையை விடாததற்கும் காரணம் ஒரு சிறு பூச்சிதான். அது கறிவேப்பிலையில் தங்கும். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோயைக் கொண்டுசேர்க்கும். 2005-ல் புளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை, நமக்கென்ன என்று கேட்கலாம். நாமும் அடிபட்டவர்கள்தான். மராத்தியர்கள் ‘காங்கிரஸ் கவத்’ என்று சொல்லும் பார்த்தீனியம் செடியை அறியாதவர் உண்டா? அது இந்த மண்ணில் பிறந்ததல்ல. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான தானியத்தோடு வந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. 1950-களின் நடுவில் புனேயில் அதைக் கவனித்தார்கள். இன்று நாடு முழுக்க, தண்டவாளத்தின் இருபுறமும் அதுதான். அதைப் பிடுங்கிய எங்கள் கேங்மேன்கள் கை அரிப்போடும் மூச்சிரைப்போடும் அவதிப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் அரசும் சும்மா இருக்கவில்லை. பூச்சி, நோய் வராமல் தடுக்க 1914-லேயே சட்டம் உண்டு. 2003-ல் விரிவான ஆணையும் வந்தது. அந்தச் சோதனை நிலையம் ஒன்று, குர்லாவிலிருந்து ஹார்பர் லைனில் நாலாவது ஸ்டேஷனான சிவ்ரியில், ஹாஜி பந்தர் சாலையில்தான் இருக்கிறது. நம் வயலை நாம் காப்பது நியாயம் என்றால், அவர்கள் வயலை அவர்கள் காப்பதும் நியாயமே.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் கிளம்புவது தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் பொட்டலத்தோடு வருவார்கள். “ஒரு கிலோதான் மாமா, என் தங்கச்சி ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவா.” மறுக்க நமக்கு நாக்கு எழாது. ஆனால் உள்ளே இருப்பது தெரியாமல் கையெழுத்துப் போடுவது எப்படி? திறந்து காட்டாத பொட்டலத்தை வாங்கவே கூடாது. கொடுப்பவர்களும் இதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் கசகசா விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் ஆபத்துதான். அங்கே ‘ஆம்’ என்று சொல்வது போதாது, கொண்டுபோகவே கூடாது.

விமானத்துக்கென்றும் சில விதிகள் உண்டு. 2006-ல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதிலிருந்து, ஊறுகாய், நெய் போன்றவை 100 மில்லிக்கு மேல் கைப்பையில் செல்லாது. பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் இரண்டிலும் ஆகாது. எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் அது. எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவு ஷெட்டில் தானாகப் புகைந்ததைப் பார்த்த எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வயதான உறுப்பினர்கள் பலருக்கு ஆங்கில அட்டை புரிவதில்லை. புரியாத தாளில் பிள்ளை சொன்னபடி கையெழுத்துப் போடுகிறார்கள். முக்கியமான நாலைந்து நாடுகளின் அட்டைக் கேள்விகளைத் தமிழில் எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பயணம் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் பட்டியலோடு வந்தால், அதை ஆங்கிலத்தில் எழுதித் தர இரண்டு மூன்று இளைஞர்கள் போதும். நானும் வந்து உட்காரத் தயார். பொடி போனால் மறுபடி இடித்துக்கொள்ளலாம். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டி, வாசலிலேயே குற்றவாளியாக நிற்கும்படி மட்டும் நாம் விடக் கூடாது.