ஆறுக்கு ஒன்று

6-1. இந்தக் கணக்கைச் சொன்னால் எங்கள் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சிரிப்பார்கள். இருபது வயதுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. 1986 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர், ஜொகூரை 6-1 என்று விரட்டியடித்தது. 2024 ஆகஸ்டில் புக்கிட் ஜாலிலில் நடந்த எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூர் அதே 6-1ஐ நமக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 38 ஆண்டு வட்டியை மட்டும் தள்ளுபடி செய்தார்கள்.

ஆட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். எனக்குள் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐந்தாவது கோலுக்கும் ஆறாவது கோலுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கத்தவில்லை, டிவியை அணைக்கவில்லை, ரிமோட்டைத் தூக்கி எறியவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்து போய்ச் சாப்பிட்டேன். 2022 மலேசியக் கிண்ண இறுதியில் இதே ஜொகூரிடம் 2-1 என்று தோற்றபோது இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்த வலிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் என்று நினைக்க இடம் இருந்தது. இந்த முறை வலிக்கவில்லை. தோற்றது பழகிவிட்டது என்பதுதான் எனக்குக் கவலை.

குளுவாங்கில் இருக்கும் என் மச்சான் ஜேடிதி வெறியர். ஆட்டம் முடிந்த கையோடு புலனத்தில் ஒரே ஒரு படம் அனுப்பினார். மயில் மேல் அமர்ந்த ஆறுமுகப் பெருமான். அடியில் 'ஆறுமுகம் துணை'. சாமி படத்தை வைத்துக் கிண்டலடிக்கிறாரே என்று கோபப்படவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறோர் ஆறுமுகம்தான் நினைவுக்கு வந்தார்.

ஆர். ஆறுமுகம். கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை. சிலாங்கூரின் கோல் காவலர், நாட்டின் கோல் காவலர். நீண்ட கைகளால் எங்கிருந்து வரும் பந்தையும் எட்டிப் பிடித்ததால் ரசிகர்கள் வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'. 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் கம்பத்தைக் காத்தவர் அவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியாமல் போனது வேறு கதை. 1988இல் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு 35 வயதுதான். என் அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், படிப்பு நான்காம் வகுப்போடு சரி. ஆனால் ஆறுமுகம் எந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் பாய்ந்தார் என்று நேற்று நடந்ததுபோல் சொல்வார். லயத்தில் டிவி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிலாங்கூர் ஆட்டம் என்றால் அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

அவர் மட்டுமா? 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரன் சிலாங்கூர் ஆட்டக்காரர். பின்னாளில் பயிற்றுநராகி 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாட்டுக்கு வாங்கித் தந்த கே. ராஜகோபாலும் சிலாங்கூருக்காக ஆடியவர்தான். மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், சோ சின் ஆன், ஆறுமுகம் என்று பெயர்களை வரிசையாகச் சொன்னாலே மலேசியா முழுக்க அதில் இருக்கும். தோட்டத்துத் திடலில் செருப்பில்லாமல் பந்து விரட்டிய பையனுக்கு, நாமும் ஒருநாள் அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையைப் போடலாம் என்ற நினைப்பு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாத காலம் அது.

என் அக்காள் மகனுக்கு 14 வயது. பெஸ்தாரி ஜெயாவில் பிறந்து வளர்ந்தவன். அவனிடம் இருப்பது ஜொகூர் ஜெர்சி. ஒன்றல்ல, இரண்டு. ஆறுமுகத்தைத் தெரியுமா என்று கேட்டேன். 'ஓலா போலா' படத்தில் வரும் கோல் காவலர் முத்துவைத் தெரிகிறது, முத்துவுக்கு மூலமான ஆளைத் தெரியவில்லை. எஸ். குணாளனைத் தெரியுமா என்றேன். "ஓ தெரியுமே மாமா, ஜேடிதி பிளேயர்" என்றான். குணாளன் ஜொகூருக்குப் போகுமுன் நம் சட்டையில் ஆடியவர் என்று சொன்னேன். "அப்போ ஏன் மாமா விட்டீங்க?" என்று என்னைக் கேட்கிறான், ஏதோ நான்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்ததுபோல.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: பணம். ஒட்டுக்கடையில் நாலு சிலாங்கூர் ரசிகர்கள் உட்கார்ந்தால் இரண்டாவது தே தாரிக் வருவதற்குள் இந்தச் சொல் வந்துவிடும். பணம் இல்லையென்று நான் சொல்லவில்லை. சாபிக் ரஹிம் 2013இல் போனார். குணாளன் அடுத்த ஆண்டு. 2015 டிசம்பரில் கெடாவை 2-0 என்று வென்று 33ஆவது மலேசியக் கிண்ணத்தைத் தூக்கினோமே, அதில் இரண்டு கோலையும் அடித்த ஹஸ்வான் பக்ரிகூட பின்னர் ஜொகூர்க்காரர். கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

ஆனால் நேர்மையாகப் பேசுவோம். ஒரு காலத்தில் அந்தப் பெரிய வீடு நாம்தான். சோ சின் ஆன் மலாக்காவிலிருந்து வந்தவர். அன்று மலாக்கா ரசிகர்கள் எந்தக் கடையில் உட்கார்ந்து என்ன புலம்பினார்கள் என்று நாம் கேட்டோமா? நல்ல ஆட்டக்காரன் பெரிய குழுவைத் தேடிப் போவான். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பெரிய குழுவின் முகவரிதான் மாறிவிட்டது.

அது எப்படி மாறியது என்பதைப் பார்க்கத்தான் நமக்கு மனமில்லை. ஜொகூர் டாருல் தாஜிம் என்ற பெயரில் 2013இல் புதிதாகத் தொடங்கினார்கள். 2014 முதல் 2023 வரை சூப்பர் லீக் வெற்றியாளர் அவர்கள்தான், இடையில் ஓர் ஆண்டுகூட விடவில்லை. 2015இல் தஜிகிஸ்தானின் டுஷான்பே வரை போய் இஸ்திக்லோல் குழுவை அதன் சொந்த ஊரிலேயே 1-0 என்று வென்று ஏ.எப்.சி. கிண்ணத்தைக் கொண்டு வந்தார்கள். தென்கிழக்காசியாவில் அதற்குமுன் எந்தக் குழுவும் அதைச் செய்ததில்லை. 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தைத் திறந்தார்கள். அதே 2020இல் நம் ஷா ஆலாம் அரங்கம் மூடப்பட்டது. எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கம். ஒருவர் புது வீட்டில் பால் காய்ச்சிய ஆண்டில், இன்னொருவர் வீட்டைப் பூட்டிவிட்டு பெட்டாலிங் ஜெயாவில் குடியேற வேண்டி வந்தது. 1967லேயே ஆசிய வெற்றியாளர் குழுக்களின் போட்டியில் இறுதி வரை போன சிலாங்கூருக்கா இந்த நிலை என்று அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

2024ஐப் பேசும்போது மே மாதத்தை விட்டுவிடக் கூடாது. பைசால் ஹலிம் மீது கோத்தா டமான்சாராவில் அமிலம் வீசப்பட்டதும், அதன்பின் சிலாங்கூர் சும்பாங்சே கிண்ண ஆட்டத்துக்குப் போகாமல் நின்றதும், 3-0 என்று வெற்றி ஜொகூருக்கு வழங்கப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராக அப்படி ஒரு கோல் போட்ட பையன் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்ததை நினைத்தால் கோல் கணக்கெல்லாம் எனக்கு அற்பமாகத் தெரிகிறது. ஆனாலும் ஆகஸ்டில் வாங்கிய ஆறு கோலுக்கு அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நான் கேட்பது கிண்ணம்கூட இல்லை. இந்தக் கோலசிலாங்கூர் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள் என்கிறேன். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் தென்னமரத்தில்தான் தொடங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை நிறைந்தது. லயத்தில் இருந்த நம்மவர்கள் ஈஜோக், ரவாங், புஞ்சாக் ஆலாம் என்று வீடமைப்புகளுக்குப் போனார்கள். தோட்டத்துத் திடல்கள் பலவற்றில் இப்போது புல்தான் ஆடுகிறது. பிள்ளைகள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஃபுட்சால் மைதானத்தில் ஆடுகிறார்கள். ஆட வரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. என் மருமகன் குழுவில் ஒரு பையன் கம்பத்தில் நிற்கிறான், ஒல்லி, கை மட்டும் முழங்காலைத் தொடும். அவன் போட்டிருப்பதும் ஜொகூர் சட்டைதான்.

மச்சானிடம் இதையெல்லாம் தொலைபேசியில் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "மச்சான், 1986ல நான் ஸ்கூல் பையன். நீங்க 6-1 அடிச்சப்போ எங்கப்பா ரேடியோவைத் துணி போட்டு மூடிட்டாரு. அஞ்சு வருஷம் கழிச்சு 91ல மலேசியக் கிண்ண ஃபைனல்ல 3-1னு உங்களைத் தோக்கடிச்சோம் பாருங்க, அப்பத்தான் துணியை எடுத்தாரு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. சும்மா சும்மா உங்களைக் கிண்டல் பண்ணி எனக்கே போரடிக்குது" என்றார். ஆறுமுகப் பெருமான் படத்தைவிட இதுதான் சுருக்கென்று தைத்தது.

அடுத்து ஜொகூர் பெட்டாலிங் ஜெயாவுக்கு ஆட வரும்போது மருமகனையும் அந்தக் கோல் காவலர் பையனையும் காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். லத்தார் நெடுஞ்சாலை வழியாகப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சீக்கிரம் கிளம்ப வேண்டும். மருமகன் ஒரு நிபந்தனை போட்டான்: அவன் ஜொகூர் ஜெர்சியில்தான் வருவானாம். சரி வா என்றேன். டிக்கெட்டை மட்டும் சிலாங்கூர் பக்கம் எடுத்திருக்கிறேன் என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.