கல்லைக் கண்டார், மனிதரைக் காணார்

ஜோர்தான் நாட்டின் தலைநகராகிய அம்மானிலே வெள்ளியும் சனியும் விடுமுறை நாட்கள். அவ்விரு நாட்களில் வெளியூர் சென்றுவர விரும்புவோர்க்கு எல்லோரும் சொல்லும் இடம் பெத்ரா. தெற்கு நோக்கிச் சுமார் 140 மைல் மோட்டாரிற் சென்றால் வாடி மூசா என்னும் ஊர். அதனையடுத்து, மலையைப் பிளந்தாற்போலக் கிடக்கும் ‘சீக்’ என்ற குறுகிய இடுக்கு வழி. அதனுள் முக்கால் மைல் நடந்தால், செம்மலையிற் குடைந்த ‘கஸ்னா’வின் முகப்பு, 130 அடி உயரத்துடன் எதிரே நிற்கும். கண்டவர் வியந்து, படம் பிடித்து, ஒட்டகத்தின் மேலேறி இறங்கி, மறுநாள் மாலைக்குள் வீடு திரும்புகின்றனர். உலகெங்குமிருந்து வருவோரும் இவ்வாறே செய்கின்றனர். 2019ஆம் ஆண்டில் மட்டும் அங்குச் சென்றோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்.

செல்வதை நாம் குறை கூறவில்லை. உலகைக் கண்டு அறிவை வளர்ப்பது நன்றே. சென்றவர் திரும்பி வந்து சொல்லும் கதையையே நாம் மறுக்கின்றோம். அது என்ன கதை? பாலைவனத்தின் நடுவே மாயம்போல் ஒரு நகரம் தோன்றிற்றாம். பின்னர் அது மாண்டு மறைந்ததாம். எவரும் அறியாது கிடந்த அதனை 1812ஆம் ஆண்டில் ஓர் ஐரோப்பியர் கண்டுபிடித்தாராம். இம்மூன்றும் பிழை. வெறும் பிழையாயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உழைத்தவனையும் வாழ்ந்தவனையும் ஒருங்கே மறைக்கும் பிழையாதலின், வாளாவிருத்தல் தகாது.

முதலில் மாயத்தை எடுத்துக்கொள்வோம். ‘கஸ்னா’ என்றால் கருவூலம். எகிப்து மன்னன் ஒருவன் தன் பொன்னையெல்லாம் அதன் உச்சியிலுள்ள கற்கலசத்தில் ஒளித்து வைத்தான் என்றொரு கட்டுக்கதை உண்டு. அதை நம்பி அக்கலசத்தைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தவரும் உண்டு. குண்டு பட்ட வடுக்கள் இன்றும் தெரிகின்றன. கலசமோ உள்ளீடற்ற பாண்டமன்று. முழுக்க முழுக்கக் கல். கட்டடமும் கருவூலமன்று. 2003ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் அதன் அடியில் தோண்டியவர் கண்டவை பிணக்குழிகளே. புதையல் தேடி மேலே சுட்டவன், தான் நடந்து வந்த வழியின் இருமருங்கையும் உற்று நோக்கியிருப்பானாயின் மெய்யான செல்வத்தைக் கண்டிருப்பான். அங்கே பாறையில் வெட்டிய நீர்க்கால்கள் ஓடுகின்றன. சுட்ட மண்குழாய்களும் பதிக்கப்பட்டிருக்கின்றன.

அந்நாட்டிலே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் ஆறு அங்குலம். அதுவும் சில நாட்களில் வெள்ளமாய்க் கொட்டி ஓடிவிடும். அந்த நீரை அணை கட்டித் தடுத்து, பாறையைக் குடைந்து திருப்பி, தொட்டிகளில் தேக்கி, தொலைவிலுள்ள ஊற்றுகளையும் குழாய் வழியாகக் கொணர்ந்து, ஒரு பெருநகரைப் பல நூற்றாண்டுகள் வாழ்வித்தவர் நபத்தேயர் என்னும் மக்கள். சீக்கின் வாயிலில் அவர்கள் கட்டிய அணை வெள்ளத்தை வேறு வழியே திருப்பிவிட்டது. அவ்வணை சிதைந்து கிடந்த காலத்தில், 1963ஆம் ஆண்டு, சீக்கினுள் பாய்ந்த வெள்ளம் பிரெஞ்சுப் பிரயாணிகள் இருபதுக்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. அதன் பின்னரே அங்கு மீண்டும் அணை எழுந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் அறிந்து செய்த காவலின் அருமை, அத்தனை உயிர் போன பிறகன்றோ விளங்கிற்று! இது மாயமா? அறிவும் கையுழைப்பும் அல்லவா?

உளி பிடித்த கைகள் யாருடையவை என்று எந்தப் பிரயாணியாவது கேட்கின்றாரா? பெத்ராவின் பெருமுகப்புகளிலே எழுத்து அரிது. ஆனால் அதே நபத்தேயர் தெற்கே ஹெக்ராவில், இன்றைய சவூதி அரேபியாவில், குடைந்த கல்லறைகள் பலவற்றில் எழுத்து உண்டு. அவற்றுள் செதுக்கிய சிற்பியரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பெண்கள் தம் பெயரால், தமக்கும் தம் வழியினர்க்கும் அமைத்துக்கொண்ட கல்லறைகளும் அங்கே உள. தொழிலாளியின் பெயரைக் கல்லில் எழுதவும், பெண்ணின் உடைமையைச் சட்டமாய்ப் பொறிக்கவும் அம்மக்கள் நாணவில்லை. அவர்களிடம் அடிமைகள் மிகச் சிலரே என்றும், அரசனே பிறர்க்குப் பணி செய்வதுண்டு என்றும், அவன் தன் ஆட்சிக்கு மக்கள் அவையிலே கணக்குச் சொல்வான் என்றும், பெத்ராவில் இருந்து வந்த நண்பர் வாயிலாகக் கேட்டு ஸ்டிராபோ என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்துள்ளார். அவர் எழுதியதில் பாதியே உண்மையெனக் கொள்ளினும், அந்தப் பாதி கஸ்னாவின் தூண்களைவிட உயர்ந்தது. ஆனால் அதைப் படம் பிடிக்க முடியாதே! ஆகையால் அதைப் பற்றிப் பேசுவாரில்லை.

இனி, மறைந்த நகரம் என்னும் கதை. கி.பி. 106இல் ரோமர் அந்நாட்டைத் தம் ஆட்சியிற் சேர்த்துக்கொண்டனர். 363இல் நிலநடுக்கம் நகரைப் பெரிதும் இடித்தது. அத்துடன் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1993ஆம் ஆண்டில் அங்குள்ள பழைய தேவாலயம் ஒன்றிலே கருகிய ஏட்டுச் சுருள்கள் சுமார் 140 அகப்பட்டன. அவை ஆறாம் நூற்றாண்டினவை. வீடு, நிலம், பாகப்பிரிவினை முதலிய குடும்ப விவகாரங்களே அவற்றின் பொருள். நிலநடுக்கம் கழிந்து இருநூறு ஆண்டு சென்ற பின்னும் மக்கள் அங்கே வாழ்ந்தனர், சொத்துக்கு வழக்காடினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாவது, கண்டுபிடிப்பு. பர்க்ஹார்ட் என்னும் சுவிஸ் நாட்டார் அரபு வேடம் பூண்டு, ஆரோன் சமாதியிலே ஆடு பலியிட நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, உள்ளூர் வழிகாட்டி ஒருவனை அமர்த்திக்கொண்டு அவ்விடம் சேர்ந்தார். வழிகாட்டி முன்னே நடந்தான். இவர் பின்னே நடந்தார். முன்னே நடந்தவனுக்குத் தெரிந்த இடத்தைப் பின்னே நடந்தவர் கண்டுபிடித்தாராம்! இது எந்த ஊர் நியாயம்? அவருடைய துணிவையும் கல்வியையும் நாம் மறுக்கவில்லை. ஐரோப்பியர்க்கு அவர் அறிவித்தார் என்று சொல்லட்டும், ஒப்புகின்றோம். உலகத்துக்கே கண்டுபிடித்தார் என்றால், அங்கே ஆடு மேய்த்து, குகையில் அடுப்பு மூட்டி வாழ்ந்தவர்கள் உலகத்தில் சேர்ந்தவர்கள் அல்லரோ?

இந்தக் கேள்வி சொல்லைப் பற்றியது மட்டுமன்று. பெதூல் என்னும் நாடோடிக் குலத்தார் அக்குகைகளையே வீடாகக் கொண்டிருந்தனர். 1985ஆம் ஆண்டிலே பெத்ரா உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அதே காலத்தில் பெதூல் மக்கள் அருகிலே கட்டப்பட்ட உம் சைஹூன் என்னும் குடியிருப்புக்கு அகற்றப்பட்டனர். கல்லுக்கு மதிப்பு வந்தவுடன் அக்கல்லுக்குள் இருந்தவன் இடைஞ்சலானான். இருபது ஆண்டு கழித்து, 2005இல், அதே நிறுவனம் பெத்ராவையும் வாடி ரம்மையும் சேர்ந்த அந்நாடோடி மக்களின் வாழ்க்கை முறையை மானிட குலத்தின் அரிய செல்வமென அறிவித்தது. வாழ்ந்த இடத்தினின்று ஆளை எழுப்பிவிட்டு, பின்னர் அவன் வாழ்ந்த வகைக்குப் பட்டயம் எழுதுவது எவ்வகைப் பெருமை?

“குகையில் புகை மூட்டினால் சின்னம் கெடும், ஆடுமாடு திரிந்தால் கல் தேயும், புதிய குடியிருப்பில் பள்ளியும் மின்விளக்கும் கிடைத்தனவே” என்று சிலர் கூறுவர். பள்ளியும் விளக்கும் வேண்டுவனவே. குகை வாழ்வை இன்பமென்று பாட நாம் வரவில்லை. ஆனால் இலட்சக்கணக்கானோர் தடவும் கையாலும் மிதிக்கும் காலாலும் அதே கல் தேய்கின்றதே; அவர்களை யார் எழுப்புகின்றார்? காசு கொடுத்து வருபவன் தேய்த்தால் அது வியாபாரம். காசில்லாதவன் வாழ்ந்தால் அது சேதம் என்பதுதானே இதன் உட்கருத்து? இன்றும் அக்குலத்தார் கழுதை ஓட்டியும், தேநீர் விற்றும், பொம்மையும் மணியும் பரப்பியும், தம் பழைய வீட்டு வாசலிலே பிழைக்கின்றனர். அவர்களைத் ‘தொந்தரவு’ என்று பிரயாணி தள்ளிப் போகின்றார்.

வாசக அன்பர்களே, பழஞ்சின்னம் எதனைக் காணச் சென்றாலும் மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதைச் செதுக்கியவர் யார்? நேற்றுவரை இங்கே குடியிருந்தவர் எங்கே? இவற்றுக்கு விடை தேட இரண்டு நாள் போதாதெனில், முகப்பை நோக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் பெயரைக் கேளுங்கள். திரும்பி வந்து கதை சொல்லும்போது அந்தப் பெயரையும் சொல்லுங்கள். 1812இல் முன்னே நடந்தவனுக்குக் கிட்டாத அந்த மரியாதை இன்று முன்னே நடப்பவனுக்காவது கிட்டட்டும்.