சரக்கு மோட்டாருக்கு முன் அச்சு மாற்றுதல் தகுமா?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள பிரதேசம் இன்று மோட்டார்த் தொழிலுக்குப் பேர்பெற்று விளங்குவதை யாவரும் அறிவர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ஆம் வருஷத்திலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010-ஆம் வருஷத்திலும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-ஆம் வருஷத்திலும் ஏற்பட்டன. ஆயினும் பிள்ளைப்பாக்கம், வல்லம் முதலிய கிராமங்களைச் சூழ்ந்த ஏரிப்பாசன நிலங்களில் பயிர்த்தொழில் அடியோடு மறைந்துவிடவில்லை. நெல்லும் காய்கறியும் பயிரிடும் நிலச்சுவான்தார்கள் விளைபொருளைக் கோயம்பேடு சந்தைக்குக் கொண்டுசெல்லச் சிறு சரக்கு மோட்டார் வைத்திருப்பது ஸகஜமாகிவிட்டது.

இம்மோட்டார்களிற் பெரும்பாலானவை பின்சக்கரங்கள் இரண்டினால் மாத்திரம் இயங்குபவை. தார்ச்சாலையில் இவற்றிற்கு ஒரு குறையுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவ மழையில் ஏரிக்கரையை விட்டு வயற்பாட்டையில் இறங்கினவுடனேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. எருவோ நாற்றோ ஏற்றிவரும் வண்டி பாதி வழியில் புதைந்து நிற்கிறது. விடியற்காலைச் சந்தைக்குப் போகவேண்டிய வெண்டையும் கீரையும் வெயிலில் வாடுகின்றன. பட்டறைகளும் கைதேர்ந்த வேலைக்காரர்களும் நிறைந்த இவ்விடத்தில், பழைய ஜீப்பின் முன் அச்சை வாங்கிப் பூட்டி நான்கு சக்கரங்களையும் இயங்கச் செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒரே இருசாக அமைந்த முன் அச்சு மிகவும் உறுதியானது என்பதில் ஆக்ஷேபணையில்லை. நமது கட்டைவண்டியைப் போலவே இரு சக்கரங்களும் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருப்பதால், மேடுபள்ளங்களில் எளிதில் பழுதடைவதில்லை. பட்டைவில்லின் மேல் அமர்ந்திருப்பதால் பழுதுபார்ப்பதும் சுலபம். 1979-ஆம் வருஷத்தில் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்க வண்டி இவ்வித முன் அச்சையே கொண்டிருந்தது. பின்னர் அக்கம்பெனியார் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் முறைக்கு மாறினபொழுது, கரடுமுரடான பூமியில் ஓட்டும் அயல்நாட்டார் பலர் முழு அச்சையே மறுபடி பூட்டிக்கொண்டனர். ஆகவே யோசனை புதியதுமன்று, அபத்தமுமன்று.

ஆனால் வேலையின் அளவை முன்கூட்டியே உணரவேண்டும். முன் அச்சை மாத்திரம் வாங்கினால் போதாது. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டியொன்று வேண்டும். முன்னால் செல்லும் சுழல்தண்டு வேண்டும். சட்டத்தில் வில்களுக்குப் புதிய தாங்கிகளைப் பற்றவைக்கவேண்டும். ஸ்டியரிங் கம்பிகளையும் பிரேக் குழாய்களையும் மாற்றியமைக்கவேண்டும். முன் அச்சிலும் பின் அச்சிலுமுள்ள பற்சக்கர விகிதம் ஒன்றாயிருத்தல் அவசியம். விகிதம் வேறுபட்டால், ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் பொருந்தா ஜோடி மாடுகளைப்போல் அச்சுகள் போராடி, பற்சக்கரங்கள் முறிந்துபோகும். பற்றவைப்பு ஒன்று விட்டாலும், ஸ்டியரிங் கம்பி ஒன்று கழன்றாலும் உயிருக்கே அபாயம்.

இவ்வளவும் செய்த பின்னும் சேற்றில் வெற்றி நிச்சயமன்று. சாதாரண அச்சின் நடுவேயுள்ள டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாய்ச் சுழலுகிறதோ அதைச் சுழலவிட்டு, பிடிப்புள்ள சக்கரத்தைச் சும்மா நிறுத்திவிடுகிறது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் நான்கு சக்கர வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். மேலும் பதிவுச் சான்றிதழில் மொத்த எடை வரையறுக்கப்பட்டிருக்கிறது. புதிய அச்சும் பெட்டியும் கூட்டும் எடை முழுவதும் ஏற்றக்கூடிய சரக்கிலிருந்தே கழிக்கப்படும். வருஷத்தில் சில வார மழைக்காக வருஷம் முழுவதும் குறைந்த பாரமும் கூடுதல் எண்ணெய்ச் செலவும் ஏற்பது சிக்கனமாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது சட்டம். 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத்தில் இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறைவாசமோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியார் பணம் தர மறுக்கவும் இடமுண்டாகும். இச்சட்டத்தைக் கொடுமையென்று சொல்லுதல் நியாயமன்று. ஒரகடத்திலேயே மோட்டார்ப் பரிசோதனை நிலையமொன்று இருக்கிறது. பெரிய கம்பெனியாரும் தம் வண்டிகளைப் பரிசோதனைக்கு உட்படுத்தியே விற்கவேண்டியிருக்க, மரத்தடிப் பட்டறையில் பூட்டிய அச்சு ஒரு பரிசோதனையுமின்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடமாடும் சாலையில் ஓடலாமா?

ஆகையால் எமது அபிப்பிராயம் இதுவே: பழைய வண்டியின் அச்சை மாற்றுதல் வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் இன்றியமையாதவர்கள், அவ்விதமாகவே உற்பத்தி செய்யப்பட்டுப் பதிவாகும் வண்டியை வாங்குவதே முறை. மற்றவர்கள் செலவு குறைந்த வழிகளைக் கையாளலாம். சேற்றுக்கேற்ற ஆழமான பட்டைகளுள்ள டயர்களை, வண்டிக்குக் குறிக்கப்பட்ட அளவு மாறாமல், பின்சக்கரங்களுக்குப் போடலாம். மிருதுவான பூமியில் டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அகன்று பதிந்து பிடிப்புக் கூடும்; ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்று நிரப்புதல் கட்டாயம். வெறும் வண்டியின் பின்புறம் லேசாயிருப்பதால், சேற்றில் இறங்கும்பொழுது சில மூட்டைகளைப் பின் அச்சின் மேல் வைத்தல் நலம்.

இவை யாவற்றினும் சிறந்தது, மழைக்காலத்தில் மோட்டாரை வயலுக்குள் இறக்காமலேயிருப்பது. வயலிலிருந்து சாலை வரையுள்ள சிறு தூரத்தை உழுபொறியும் அதன் பின்வண்டியும் தாராளமாய்க் கடக்கும். சொந்த உழுபொறி இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வசதியை நாடலாம். மோட்டார் சாலையோரத்தில் காத்திருந்து சரக்கை மாற்றிக்கொண்டால் அதன் ஆயுளும் நீடிக்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டிகள் புதைவதற்குப் பல இடங்களில் வண்டியின் குறையைவிடப் பாட்டையின் குறையே காரணம். புலப்படத்தில் அகலமாய்க் காணும் வண்டிப்பாட்டை, இருபுறமும் வரப்பு வெட்டி வெட்டி ஒற்றையடிப் பாதையாய்ச் சுருங்கிவிடுகிறது. ஓரத்து வடிகால் தூர்ந்து, மழைநீர் பாட்டையின் நடுவே ஓடுகிறது. கிராம நிர்வாக அலுவலர் ஆக்கிரமிப்புகளைக் காலத்தில் அளந்து தெரிவித்து, ஊராட்சியார் ஆடி, ஆவணி மாதங்களிலேயே வடிகாலைத் திறந்து பள்ளங்களில் சரளை கொட்டினால், ஒரு மிராசுதாரருக்கு மாத்திரமல்ல, அவ்வழி செல்லும் ஏழைக் குடியானவருக்கும் கூலியாளுக்கும் நன்மையுண்டாகும். ஒருவர் தம் வண்டிக்குச் செலவிட்டு வாங்கும் அச்சு அவருக்கு மட்டுமே உதவும். செம்மையான பாட்டை ஊர் முழுவதற்கும் உதவும். அடுத்த மழைக்கு முன்பே இதைக் கவனிப்பார்களென்று நம்புகிறோம்.