பிரேக் அடிக்கிறது ஒருத்தர், முழிக்கிறது இன்னொருத்தர்

நைன்-பால் பூல்ல ஒரு டபுள்ஸ் மேட்ச் முடிஞ்சதும் கணக்குப் போட உட்கார்றது நம்மள மாதிரி ஆசாமிங்களுக்கு ஒரு வியாதி. எத்தனை பிரேக்ல பந்து விழுந்துச்சு, பிரேக் அடிச்ச அணி எத்தனை ரேக் ஜெயிச்சுது, எத்தனை தடவை எதிரணியை நாற்காலியை விட்டே எழுப்பாம மேசையைத் துடைச்சு எடுத்தாங்க (இதைத்தான் பிரேக் அண்ட் ரன்னு சொல்றது). ஆக மூணு சதவீதம். அதை வெச்சு "பிரேக் சரியில்ல, அதான் தோத்தாங்க"ன்னு ஒரு தீர்ப்பு. சிங்கிள்ஸ்ல இந்தத் தீர்ப்பு ஓரளவு செல்லும். அதே மூணு எண்ணை அப்படியே தூக்கி டபுள்ஸ் மேல போடுறது அநியாயம்ங்கிறது என் கட்சி.

பூல் பக்கமே போகாத மக்களுக்காக ரெண்டு வரி. ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் பந்து. மேசையில இருக்கிறதுலயே குறைஞ்ச எண் எதுவோ அதைத்தான் வெள்ளைப் பந்து முதல்ல தொடணும். ஒன்பதை முறைப்படி விழ வெச்சவருக்கு அந்த ரேக். முதல் அடி, அதாவது பிரேக்ல, ஏதாவது ஒரு பந்து பாக்கெட்ல விழுந்தா ஆட்டம் உங்க கையிலேயே தொடரும். அவ்வளவுதான்.

இப்போ டபுள்ஸ். நம்ம வீட்டு கேரம்ல ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்து ஆடும்போது, காயைப் போட்டவரே அடுத்த அடியையும் அடிப்பார். எதிர்ல உட்கார்ந்திருக்கிற கூட்டாளி வேடிக்கை பார்க்கலாம், டீ குடிக்கலாம். உலகக் கோப்பை பூல்லயும் மோஸ்கோனி கோப்பையிலயும் ஆடுற டபுள்ஸ் அப்படி இல்லை. அது ஸ்காட்ச் டபுள்ஸ். ஒரு அடி இவர், அடுத்த அடி அவர். பந்து விழுந்தாலும் சரி, க்யூவைக் கூட்டாளிகிட்ட விட்டுட்டு ஒதுங்கி நிக்கணும். கிரிக்கெட் பாஷையில சொன்னா, ஒவ்வொரு பந்துக்கும் சிங்கிள் மட்டுமே ஓடி ஸ்கோர் சேர்க்கிற மாதிரி.

ஆக, பிரேக் அடிச்சவர் தன்னோட பிரேக்கோட பலனைத் தான் அனுபவிக்கிறதே இல்லை. ஒண்ணாம் பந்து ஏழாம் பந்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தா முழிக்கப் போறது கூட்டாளி.

இதுல ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பிரேக்ல ஒரே ஒரு பந்து விழுந்துச்சுன்னு வைங்க. மிச்சம் எட்டு. அடிக்கு ஒரு பந்துன்னு சுத்தமா எடுத்தா, முதல் அடி கூட்டாளி, ரெண்டாவது பிரேக் அடிச்சவர்னு போய், எட்டாவது அடியில ஒன்பதைப் போடுறது பிரேக் அடிச்சவரேதான். பிரேக்ல ரெண்டு பந்து விழுந்தா மிச்சம் ஏழு. கடைசி அடி கூட்டாளிக்குப் போயிடும். ஒரு பந்து கூடுதலா விழுந்ததுல ரேக் முழுக்க யார் எதை அடிக்கணும்ங்கிற வரிசையே தலைகீழாயிடுது. ஆனா 'பிரேக் வெற்றி'ங்கிற கட்டத்துல ரெண்டுக்கும் ஒரே டிக் மார்க்தான்.

இன்னொரு கணக்கு. எண்கள் நானா வெச்சுக்கிட்டது, விளக்கத்துக்காக மட்டும். ஒரு நல்ல ஆட்டக்காரர் தனியா ஆடும்போது ஒவ்வொரு பந்தையும் போட்டு அடுத்ததுக்குச் சரியா வந்து நிக்கிற வாய்ப்பு 95 சதவீதம்னு வைங்க. எட்டுப் பந்தையும் தொடர்ச்சியா எடுக்கிற வாய்ப்பு 66 சதவீதம். டபுள்ஸ்ல ரெண்டு பேருக்கும் பிடிச்ச கோணம் வேற, வேகம் வேற, கையில இருக்கிற தாளமும் அடிக்கு ஒரு தடவை அறுந்துபோகுது. அதனால 95 வெறும் 92 ஆகுதுன்னு வைங்க. எட்டுப் பந்துக்கு 51 சதவீதம்! அடிக்கு மூணு புள்ளி குறைஞ்சதுல ரேக்குக்கு 15 புள்ளி அவுட். இத்தனைக்கும் பிரேக் அதே பிரேக். இப்போ 'பிரேக் அண்ட் ரன்' சதவீதம் விழுந்ததைப் பார்த்துட்டு பிரேக்கைக் குத்தம் சொன்னா எப்படி?

தலைகீழாவும் நடக்கும். 2006ல வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்ல நடந்த முதல் உலகக் கோப்பை பூல்ல ஜெயிச்சது பிலிப்பைன்ஸோட எஃப்ரன் ரெய்ஸ், ஃபிரான்சிஸ்கோ புஸ்டமாண்டே ஜோடி. இறுதியில அமெரிக்காவோட ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், ராட்னி மோரிஸைத் தோற்கடிச்சாங்க. 2009ல சொந்த ஊர்லயே ஜெர்மனியோட ரால்ஃப் சூக்கே, தோர்ஸ்டன் ஹோமனை ஜெயிச்சு மறுபடியும் கோப்பை. புஸ்டமாண்டேன்னாலே இடி மாதிரி விழுற அந்த பிரேக்தான் ஞாபகத்துக்கு வரும். ரெய்ஸுக்குப் பட்டப்பேரே மந்திரவாதி. மறைஞ்சு கிடக்கிற பந்தை மேசையோட பக்கச்சுவர்ல வெள்ளையை மோதவிட்டுத் தேடிப்பிடிக்கிறதுல மனுஷன் தனி ரகம். இப்படி ஒருத்தர் பக்கத்துல நின்னா சுமாரான பிரேக்கும் சூப்பர் பிரேக்காத்தான் ஏட்டுல ஏறும். பெருமையை எந்தக் கட்டத்துல எழுதுறது?

"அணின்னா அணி. ஜெயிச்சாங்களா இல்லையான்னு மட்டும் பாருய்யா"ன்னு சிலர் கேட்கலாம். கோப்பை கொடுக்கும்போது அது சரி. ஆனா அடுத்த மேட்ச்சுக்கு யாரோட யாரைச் சேர்க்கிறது, யாரை பிரேக் அடிக்கவிடுறதுங்கிற பேச்சு வரும்போது இதே எண்களைத்தானே நீட்டுறோம்? தப்பான ஆள் தலையில பழியைப் போட்டுட்டு, அதையே காரணமாக் காட்டி அவரை உட்காரவைக்கிறது அவரோட பிழைப்புல கை வைக்கிற விஷயம்.

எண்ணிக்கையோட அளவையும் பாருங்க. மோஸ்கோனி கோப்பையில சமீப வருஷங்கள்ல முதல்ல 5 ரேக் எடுக்கிறவங்களுக்கு அந்த மேட்ச். அதிகபட்சம் 9 ரேக். மாறி மாறி பிரேக்னா ஒரு அணிக்குக் கிடைக்கிறது நாலோ அஞ்சோ. ரெண்டு அணியும் சரிசமம்னு வெச்சுக்கிட்டு காசு சுண்டினாலே, அஞ்சு பிரேக்ல நாலோ அஞ்சோ ஜெயிக்கிற வாய்ப்பு 32ல 6. கிட்டத்தட்ட 19 சதவீதம். அதாவது வெறும் அதிர்ஷ்டத்துலயே அஞ்சு மேட்ச்சுக்கு ஒரு மேட்ச்ல "அடேங்கப்பா, 80 சதவீதம்!"னு வாயைப் பிளப்போம். 11 புள்ளி எடுத்தா கோப்பைங்கிறதால மொத்தம் 21 மேட்ச்சுக்கு மேல போகாது. அத்தனையும் கடைசி ரேக் வரைக்கும் இழுத்தாக்கூட 189 ரேக்தான். அதுலயே ஏழு புள்ளி முன்னபின்ன ஆடும். அதுலயும் டபுள்ஸ் ஒரு பகுதி மட்டுமே. இந்த அழகுல புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு தசமம் வேற போடுறாங்க :-)

சரி, எல்லா வருஷத்தையும் சேர்த்துக் கூட்டிடலாமேன்னா அதுலயும் சிக்கல். 2001 யூஎஸ் ஓப்பன் இறுதியில கோரி டூயல் மிகா இம்மொனனை 11-0ன்னு ஊதித் தள்ளினார். அந்தத் தொடர்ல அவர் அடிச்ச மெதுவான பிரேக்தான் ஊரெல்லாம் பேச்சு. ரேக்கை இடைவெளி இல்லாம இறுக்கி வெச்சா, ஓரத்துல இருக்கிற பந்து நேரா மூலைப் பாக்கெட்டுக்கு நடையைக் கட்டிடும். முழு பலத்துல அடிக்கவேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் அதை அடக்க விதி மேல விதி. வெள்ளைப் பந்தை ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள வெச்சுத்தான் அடிக்கணும்னாங்க. குறைஞ்சது மூணு பந்தாவது பாக்கெட்ல விழணும் இல்லைன்னா மேசையோட தலைப்பக்கக் கோட்டைத் தாண்டணும்னாங்க. ரேக்கையே முன்னாடி நகர்த்தி, ஒண்ணாம் பந்து இருக்கிற புள்ளியில ஒன்பதை வெச்சாங்க. அப்படி வெச்சா ஓரப் பந்து மூலைக்குப் போகாது. நடுப் பாக்கெட்ல ஒண்ணாம் பந்தைப் போடுறதுதான் குறி. இப்படி வேற வேற விதியில அடிச்ச பிரேக்கை எல்லாம் ஒரே அண்டாவுல கொட்டிக் கிண்டினா வர்றது புள்ளிவிவரம் இல்லை, கூட்டாஞ்சோறு.

அப்போ எதைத்தான் எண்ணுறது? பேட் ஃப்ளெமிங் ஆரம்பிச்ச அக்யூ-ஸ்டாட்ஸ்ல ஒரு நல்ல வழி உண்டு. போட்ட பந்துகளை, போட்ட பந்துகளும் பிழைகளும் சேர்ந்த மொத்தத்தால வகுப்பாங்க. அதுல பந்தைத் தவறவிட்டது மட்டுமில்லை, அடுத்த பந்துக்குத் தோதா வெள்ளையை நிறுத்தாததும் பிழை. அந்தப் பிழை அப்படி நிறுத்தினவர் கணக்குல. இதே நியாயத்தை டபுள்ஸ் பிரேக்குக்கும் கொண்டுவரணும்ங்கிறேன். பந்து விழுந்துச்சா, சரி. வெள்ளை நடு மேசையில நின்னுச்சா? கூட்டாளிக்குக் குறைஞ்ச எண் பந்து போடுற மாதிரி தெரிஞ்சுதா? இந்த ரெண்டு கேள்வியோட பிரேக் அடிச்சவர் பொறுப்பு முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடக்கிறது ரெண்டு பேருக்கும் பொது.

புஷ் அவுட் ஒண்ணு பாக்கி. பிரேக்குக்கு அடுத்த அடியில மட்டும், வழி இல்லைன்னா "புஷ்"னு சொல்லிட்டு வெள்ளையை வேற இடத்துக்குத் தள்ளிக்கலாம். அங்கேருந்து ஆடுறதா, திருப்பிக் கொடுக்கிறதான்னு எதிரணி முடிவு பண்ணும். டபுள்ஸ்ல கூட்டாளி தள்ளி, எதிரணி வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தா, ஆட வேண்டியது பிரேக் அடிச்சவர். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கிற அபூர்வமான தருணம்! இதுக்குன்னு தனிக் கட்டம் போட்டு இதுவரைக்கும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்த மோஸ்கோனி கோப்பைக்கு நோட்டுல கோடு போட்டு வெச்சாச்சு. டபுள்ஸ் மட்டும். விழுந்துச்சா, தெரிஞ்சுதா, புஷ்ஷா, யார் பிரேக், யார் முதல் அடின்னு அஞ்சு கட்டம். ஒத்தை ஆளா உட்கார்ந்தா எனக்கே ரெண்டு அடி கண்ணுல படாமப் போயிடும். கூட உட்கார ஒருத்தர் வேணும். ஒரு ரேக் நான், ஒரு ரேக் நீங்க. யார் வர்றீங்க?