‘பிளேட் ரன்னர்’ இசையின் சொந்தங்கள்

1982 ஜூனில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘பிளேட் ரன்னர்’, வசூலில் சோபிக்கவில்லை. ஆனால், கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் அதற்குத் தந்த பின்னணி இசை 40 ஆண்டுகளைத் தாண்டியும் புதுப் புது ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. படம் முடிந்த கையோடு அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: இதேபோன்ற இசை வேறு எங்கே கிடைக்கும்?

இசைச் செயலிகளிடம் கேட்டால் உடனே பதில் வந்துவிடும். நியான் வெளிச்சம், மழைத் தெரு, ஊதா நிறக் கார் என்று முகப்புப் படம் போட்ட ‘சிந்த்வேவ்’ பிளேலிஸ்ட்கள் வரிசை கட்டும். அவற்றில் நல்ல பாடல்களும் உண்டு. ஆனால், கணினி அடித்துத்தரும் டிரம்மும் துள்ளும் பேஸும்தான் அவற்றின் உயிர். ‘பிளேட் ரன்னர்’ இசையில் பெரும்பகுதிக்குத் தாளமே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் தோற்றத்தை வைத்து உறவு தேடினால் இப்படித்தான் ஆகும். ஓர் இசைக்கு நெருங்கிய இன்னொன்றைக் கண்டடைய வேண்டுமானால், அது எப்படி, எதில், யார் கையால் உருவானது என்று பார்ப்பதே சரியான வழி.

படத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்வோம். இருண்ட லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் கோபுரங்களிலிருந்து தீப்பிழம்புகள் வெடித்துக் கிளம்புகின்றன. அடியில் ஒரு கனத்த முழக்கம் விழுந்து, நீண்ட நேரம் கரைகிறது. அதன் மேல் பித்தளைக் குழல் போன்ற ஒரு நாதம் மெல்லத் திரண்டு எழுந்து, அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போய்ச் சேருகிறது. கர்னாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வழுக்கல் கமகம் போலவே கேட்கும்.

அந்த நாதத்தைத் தந்தது யமஹா சிஎஸ்-80. 1970-களின் பிற்பகுதியில் வந்த, ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள சிந்தசைசர். ஒரே நேரத்தில் எட்டு சுரங்கள் ஒலிக்கும். கட்டையை அழுத்திய பிறகும் விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், அந்த ஒரு சுரம் மட்டும் விம்மும், அதிரும். மேலே உள்ள நீண்ட பட்டையில் விரலை இழுத்தால் சுருதி வழுக்கும். இத்தனை வசதியுள்ள இந்தக் கருவிக்குச் சுருதி மட்டும் நிலையாக நிற்காது. வாசிப்பவருக்கு அது தலைவலி. ஆனால், சுரங்களுக்கு இடையிலான அந்த மெல்லிய விலகல்தான் ஒலிக்கு உயிரோட்டத்தைத் தந்தது.

லண்டனில் இருந்த தன்னுடைய ‘நீமோ’ ஸ்டூடியோவில் வாங்கெலிஸ் காட்சிகளை வீடியோவில் ஓடவிட்டு, அவற்றைப் பார்த்தபடியே வாசித்தார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. கை போன போக்கில் பிறந்தது நேரே ஒலிநாடாவில் பதிந்தது. ‘லெக்சிகன் 224’ என்ற டிஜிட்டல் ரிவர்ப் கருவி ஒவ்வொரு ஒலிக்கும் பெரிய மண்டபத்தின் ஆழத்தைக் கொடுத்தது. எல்லாமே எந்திரத்திலிருந்து வந்தவையும் அல்ல. காதல் காட்சிக்கான இசையில் டிக் மோரிஸியின் சாக்சபோன் இருக்கிறது. வாங்கெலிஸின் பழைய இசைக்குழு நண்பர் டெமிஸ் ரூசோஸின் குரலும் படத்தில் உண்டு. கையால் வாசித்த சிந்தசைசர், பரந்த வெளி, நடுவே மனித மூச்சு: தேட வேண்டிய அடையாளங்கள் இவைதான்.

இந்தத் தேடலுக்கும் வயது நாற்பதுக்கு மேல். படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல், இசைத்தட்டு வெளிவரும் என்று அறிவித்தது. 1982-இல் கடைக்கு வந்ததோ வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா திரும்ப வாசித்த பதிப்பு. வாங்கெலிஸ் வாசித்த அசல் அதிகாரபூர்வமான ஆல்பமாக வந்தது 1994-இல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் ரசிகர்களுக்குக் கைகொடுத்தவை கள்ளப் பதிப்புகளும், 1989-இல் வந்த ‘தீம்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்ற சில பகுதிகளும், வாங்கெலிஸின் மற்ற ஆல்பங்களும்தான்.

இன்றைய ரசிகரும் அந்த மற்ற ஆல்பங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. படத்தில் வரும் ‘மெமரீஸ் ஆஃப் கிரீன்’ படத்துக்காக உருவானதே அல்ல. 1980-இல் வந்த ‘சீ யூ லேட்டர்’ ஆல்பத்திலேயே அது இருந்தது. சோகமான பியானோவுக்குப் பின்னால் கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவியின் ‘பீப்’ ஒலிகள் கேட்கும் அந்த விந்தையான இணைப்பை இயக்குநர் ரிட்லி ஸ்காட் படத்துக்குள் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரெடெரிக் ரோசிஃபின் விலங்குலக ஆவணப்படங்களுக்காக வாங்கெலிஸ் அமைத்த ‘லபோகாலிப்ஸ் தெ சனிமோ’ (1973), ஜப்பானியப் படமான ‘அண்டார்டிகா’வின் இசை (1983) ஆகியவற்றிலும் இதே கையை அடையாளம் காணலாம். நியான் நகரத்துக்கும் பனிப் பாலைவனத்துக்கும் காட்சியில் எந்தத் தொடர்பும் இல்லை. காதுக்கு அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்தது, அதே காலத்தில் அதே சிக்கல்களோடு மல்லுக்கட்டியவர்கள். பெர்லினில் எட்கார் ஃப்ரோஸே 1967-இல் தொடங்கிய ‘டேஞ்சரின் டிரீம்’ குழு, 1974-இல் வந்த ‘ஃபீட்ரா’ ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது, மூக் சிந்தசைசர் சூடேறச் சூடேறச் சுருதி நழுவியது. அந்த நழுவலை ஆல்பத்தில் இன்றும் கேட்கலாம். 1977-இல் ‘சோர்சரர்’ படத்துக்கு இசையமைத்தபோது, அவர்கள் படத்தைப் பார்க்காமல் திரைக்கதையை மட்டும் வைத்தே வேலை செய்தார்கள். ஆனால், இவர்களிடம் ஒரு வேறுபாடு உண்டு: ஒரே மெட்டு சுழன்று சுழன்று துடிக்கும் சீக்வென்சர் ஓட்டம் பெர்லின் பாணியின் முத்திரை. வாங்கெலிஸின் மிதக்கும் தன்மையை விரும்புகிறவர்கள், ‘ஃபீட்ரா’வில் ஃப்ரோஸே மெல்லட்ரான் கருவியில் தனியாக வாசித்த ‘மிஸ்டீரியஸ் செம்ப்ளன்ஸ்’ பகுதியை முதலில் கேட்க வேண்டும்.

இன்னும் முன்னால் போனால், மாஸ்கோ. இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சொலாரிஸ்’ (1972) படத்துக்கு இசையமைத்த எதுவார்த் ஆர்த்தேமியெவ் பயன்படுத்திய ‘ஏஎன்எஸ்’ சிந்தசைசரில் கட்டைகளை வாசிப்பது என்ற பேச்சே இல்லை. கரிய பசை பூசிய கண்ணாடித் தகட்டில் கோடுகளைக் கீறினால், கீறல் வழியே புகும் ஒளியைக் கருவி ஒலியாக்கும். பொறியாளர் யெவ்கேனி மூர்ஸின் உருவாக்கிய அந்தக் கருவியிலிருந்து வந்த இசை, படத்தில் வரும் விண்வெளி நிலையத்தின் தனிமையைச் சொற்களே இல்லாமல் சொல்கிறது. ‘பிளேட் ரன்னர்’ ரசிகர் ஒருவர் வாழ்நாளில் தவறவிடக் கூடாத இசை இது. நியான் பிளேலிஸ்ட்களை மட்டும் நம்பியிருப்பவரின் கண்ணில் இது படுவது அபூர்வம்.

அதே கருவியை வாங்கி வைத்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. 2017-இல் வந்த ‘பிளேட் ரன்னர் 2049’ படத்துக்கு ஹான்ஸ் ஸிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும் சிஎஸ்-80-ஐ மீண்டும் கையிலெடுத்தார்கள். திரையரங்கையே அதிரவைக்கும் வலிமை அவர்களின் இசைக்கு உண்டு. ஆனால், பழைய இசையின் தயக்கமும் கனிவும் அதில் குறைவு. மாறாக, சந்திரப் பயணப் படக்காட்சிகளுக்காக பிரையன் ஈனோ, அவருடைய தம்பி ரோஜர் ஈனோ, டேனியல் லான்வா மூவரும் உருவாக்கிய ‘அப்பல்லோ’ (1983) ஆல்பத்தில் வாங்கெலிஸின் கை இல்லை. இருந்தும் வெளியின் விரிவும் ஏக்கமும் அங்கே அப்படியே கிடைக்கின்றன. கருவி வாசலைக் காட்டித்தரும். அதற்கு மேல், வாசித்தவர் ஒலிக்கும் நிசப்தத்துக்கும் எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இசைச் செயலி நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கையை அழுத்தமாகவே வைக்க வேண்டியிருக்கிறது. பழைய இசைத்தட்டு உறைகள் பலவற்றின் பின்பக்கத்தில் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள், எந்த ஸ்டூடியோவில் பதிவானது, பொறியாளர் யார் என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். ரசிகர்கள் அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே அடுத்த ஆல்பத்துக்குப் போனார்கள். இன்று செயலிகளில் பல பாடல்களுக்குப் பாடகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் பெயர்களோடு கதை முடிந்துவிடுகிறது. ‘டிஸ்காக்ஸ்’ போன்ற தளங்களில் ஆர்வலர்கள் தாங்களாகவே உட்கார்ந்து உறை விவரங்களைச் சேர்த்துவருகிறார்கள். கோடிக்கணக்கான பாடல்களைக் கையாளும் நிறுவனங்களுக்கு இது முடியாத காரியம் இல்லை. டிக் மோரிஸியின் பெயரைத் தொட்டால் அவர் வாசித்த மற்ற பதிவுகளும், நீமோ ஸ்டூடியோவைத் தொட்டால் அங்கே பதிவான மற்ற ஆல்பங்களும் திறக்க வேண்டும். மனநிலைப் பெயர் சூட்டிய பிளேலிஸ்ட்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும்.